மைனருக்கு ஜப்பான் என்ஜின்

போன வியாழக்கிழமை வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். கிட்டே வந்தார்.

"சார், நீங்க எழுதுறவர்தானே?"

ஆமாம் என்றேன். இந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

"நமக்கு ஒடுகத்தூர் சார். வாரா வாரம் படிக்கிறேன். உங்க மைனர் கார்ல ஜப்பான் என்ஜின் வெச்சு ரேஸ் உட்டீங்களாமே? இன்னா ஆச்சு? ஜெயிச்சீங்களா?"

"செகண்ட்" என்றேன்.

"அடேங்கப்பா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். மாதனூர் தாண்டும் வரை அவர் குலுக்கிய கை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

செகண்ட் என்பது பொய்யில்லை. ஃபைனலில் இரண்டே கார்கள். ஒன்று ஓடியது. ஓடாத இன்னொன்றுக்கு ஒரு எவர்சில்வர் டிரே கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறது, விருந்தாளி வந்தால் அதில்தான் காபி.

ஆனால் ஏன் ஓடவில்லை? இரண்டு மாதமாக அதைப் பற்றி எழுதாமல் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என் மைனர் காரைப் பற்றிப் புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பத்தொன்றாம் வருஷத்து மாரிஸ் மைனர். வேலூரில் ஒரு டாக்டர் ஓய்வு பெற்றபோது என்னிடம் வந்தது. முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். அழகு. ஆனால் பலம்? ஏலகிரி மலை ஏறினால் பாதி வழியில் நாங்கள் இறங்கி நடப்போம். கார் பின்னால் வரும்.

நான் வேலை செய்கிற தோல் தொழிற்சாலையில் அருள்தாஸ் என்று ஒரு ஃபிட்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறவன். அவர் மெஷின்களைப் பார்க்கிறவர். ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ ஒரு மெஷின் வந்து இறங்கினால், கூடவே ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரும் வருவார். அவர் மாட்டுவார், அருள்தாஸ் எண்ணெய் டப்பாவோடு பக்கத்தில் நிற்பார். நாலு நாளில் என்ஜினீயர் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த மெஷினை ஓட வைப்பது அருள்தாஸ்.

"ஒரே ஒரு மெஷினாவது மொதல்லேர்ந்து கடேசி வரைக்கும் நானே செய்யணும் சார்" என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் பேரிங் வாங்க மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போனவர், திரும்பியதும் நேராக என் மேஜைக்கு வந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"சார், ஒரு ஜப்பான் கார் வந்து கெடக்குது. யாரோ ஃபாரின் ஆபீசர் ஓட்டினதாம். லாரி பின்னாடி இடிச்சு பாதி வண்டி நசுங்கிப் போச்சு. முன்னாடி ஒரு கீறல் இல்ல. என்ஜினு, அஞ்சு கியரு, எல்லாம் கொழந்த மாரி தூங்கிக்கினு கீது. உங்க மைனர்ல உக்காத்திடலாம் சார்."

"உட்காருமா?"

"உக்காராது. உக்கார வெக்கணும்."

இந்தப் பதிலில்தான் விழுந்தேன்.

மனைவி சாந்தியிடம் கேட்டேன். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். "செய்ங்க. பொண்ணுங்கள ஸ்கூல்ல விடத் திங்கக்கிழமை கார் வேணும்" என்றாள். எந்தத் திங்கட்கிழமை என்று அவள் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் வேலை முடிய எட்டு மாதம் ஆனது.

ரயில் பாதை ஓரம் அருள்தாஸ் வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து ஆரம்பிப்பார். ஜப்பான் என்ஜின் நீளம் ஜாஸ்தி. ரேடியேட்டரை முன்னால் தள்ளினார். கியர் பாக்ஸ் நுழைய, காரின் தரையை வெட்டி மேடாக்கினார். பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற ஷாஃப்ட்டை ராணிப்பேட்டை லேத்தில் குட்டையாக்கிக் கொண்டுவந்தார். புகைக்குழாயைப் புதிதாக வளைத்து வேறு பக்கமாகக் கொண்டுபோனார். என் வேலை? ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பது. எதைத் தொட்டாலும் "சார், கை கறுப்பாய்டும்" என்பார்.

ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார் – "பொண்ணு இங்கிலீஷு, மாப்ள ஜப்பானா சார்?"

மாப்பிள்ளை முதல் தடவை குரல் கொடுத்த நாள் எனக்கு மறக்காது. பழைய என்ஜின் இருமும். இது உறுமியது. வாணியம்பாடி ரோட்டில் ஒரு லாரியை, அதுவும் காலி லாரியை, ஒதுக்கிவிட்டு முன்னே போனோம். லாரிக்காரர் எட்டிப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று மடங்கு சக்தி! அன்று முதல் நான் நடக்கிற நடையே மாறிவிட்டதாக சாந்தி சொல்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் அரக்கோணம் பக்கம் நடக்கப்போகிற டிராக் ரேஸ் பற்றிக் கேள்விப்பட்டேன். யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. மெட்ராஸிலும் பெங்களூரிலும் உள்ள கார்ப் பித்தர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். டிராக் ரேஸில் வளைவு நெளிவு எதுவும் இல்லை. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி இறங்கினால் நேராகக் கால் மைல். யார் முதலில் போகிறார்களோ அவர் ஜெயித்தார். பழைய கார், புது என்ஜின் – அதற்கென்றே ஒரு பிரிவு வேறு.

அருள்தாஸ் தயங்கினார். "பிரேக்கு இன்னும் பழசு சார். முப்பது மைல் வேகத்துக்குச் செஞ்சது. அம்பாசடர் பிரேக்கு மாத்திடறேன். ஒரு மாசம் குடுங்க."

ரேஸுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

"முடிஞ்சதும் மாத்திக்கலாம் அருள்தாஸ். ஓடுறதுதானே முக்கியம்?"

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஒரு புது மெஷின் வந்தால், முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை கேட்கிற முதல் கேள்வி – மணிக்கு எத்தனை தோல்? நிறுத்துகிற ஸ்விட்ச் எங்கே என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. அருள்தாஸைத் தவிர.

ரேஸ் நாள் காலை. ஓடுதளத்தின் விரிசல்களில் புல் முளைத்திருந்தது. ஒரு பக்கம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பேரணாம்பட்டிலிருந்து அருள்தாஸின் மச்சான்கள் இரண்டு பேர் பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். அருள்தாஸ் அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. ஆனால் சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். சாந்தியும் என் இரண்டு பெண்களும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்திருந்தார்கள்.

ஓட்டப்போவது யார்? அருள்தாஸுக்கு லைசென்ஸ் உண்டு. என்னைவிட நன்றாக ஓட்டுவார். ஆனாலும் நான்தான் ஏறினேன். கார் என்னுடையது, அதனால் ஸ்டியரிங்கும் என்னுடையது... அப்படித்தான் தோன்றியது. அவரிடம் கேட்கக்கூட இல்லை.

முதல் ஓட்டம், மெட்ராஸிலிருந்து வந்த ஒரு ஃபியட்டோடு. கொடி இறங்கியது. முதுகு சீட்டில் அப்பிக்கொண்டது. இரண்டாவது கியர், மூன்றாவது... பக்கத்தில் ஃபியட்டின் மூக்கு தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. கோட்டைத் தாண்டும்போது நான் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

கோட்டுக்கு அப்பால் நிறுத்துவதற்கென்று கொஞ்ச தூரம். அது முடிகிற இடத்தில் வரிசையாகத் தார் டிரம்கள். டிரம்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம்.

பிரேக்கை மிதித்தேன். பிடித்தது. மறுபடி மிதித்தேன். பெடல் பாதி வரை இறங்கியது. மூன்றாவது முறை... கால் தரையைத் தொட்டது.

கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். டயர் அழுதது. கார் ஒரு பக்கமாகத் திரும்பி, டிரம்முக்குப் பத்தடி முன்னால் நின்றது.

இறங்கி, டிரம் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்தேன். வேறு யாராவது பார்த்தார்களா? கூட்டம் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டது. கார் கடைசியில் திரும்பி நின்றதையும் ஏதோ சாகசம் என்றே நினைத்துக் கை தட்டினார்கள்! காரை முதல் கியரில் ஊர விட்டுப் புறப்படும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். அருள்தாஸ் கேட்டார்.

"பிரேக் எப்டி சார்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன்.

பொய் சொல்ல நீளமான வாக்கியம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஏன் சொன்னேன்? ஃபைனலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. ஆயில் கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும், ஒரே ஒரு ஓட்டம்தானே, ஹேண்ட் பிரேக் இருக்கிறதே... மனம் இப்படித்தான் கணக்குப் போட்டது. என் பெண்கள் இரண்டு பேரும் என்னிடம் ஓடி வந்தார்கள். "அப்பா, நாங்க அந்தக் கடேசில போய் நிக்கிறோம். நீ வர்றது நல்லாத் தெரியும்" என்றாள் பெரியவள். சாந்தி அவர்களைக் கூட்டிக்கொண்டு டிரம்கள் இருக்கும் பக்கம் நடந்தாள்.

பார்த்தேன். கையசைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஃபைனலில் என்னோடு ஓட வேண்டியவர் ஒரு பெங்களூர்க்காரர். பச்சை ஹெரால்டு கார். அவர் கோட்டில் போய் நின்று உறுமவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினேன். ஊஹூம்.

பானெட்டை மூடிவிட்டு அருள்தாஸ் என் ஜன்னலருகே வந்தார். கையில், அவர் கழற்றி எடுத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர். அது இல்லாவிட்டால் எந்த என்ஜினுக்கும் உயிர் வராது.

"வண்டி ஓடாது சார்" என்றார்.

"ஏன்?"

"பின்னாடி வீல் கிட்ட ஈரமா இருக்குது. தொட்டு மோந்து பாத்தேன். பிரேக் ஆயிலு."

"ஆயில் ஊத்திக்கலாம். ஒரே ஒரு ரன்தான். மாட்டுங்க."

"வேணாம் சார்."

கொடி வைத்திருந்தவர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். வேன் ஆட்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"எல்லாரும் பாக்குறாங்க அருள்தாஸ்!"

"பாக்கட்டும் சார்."

அவர் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டு பட்டனையும் போட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இறங்கினேன்.

"நீ யாரு சொல்றதுக்கு? கார் என்னுது. ஃபேக்டரில தோல் ஊறுற டிரம்முக்கு கிரீஸ் அடிக்கத்தான் நீ லாயக்கு. குடு அத!"

ஏழு வருஷப் பழக்கம். ஒருநாள்கூட அவரை 'நீ' என்று சொன்னதில்லை. அன்று, அவருடைய மச்சான்கள் இரண்டு பேரும் நாலடி தள்ளி நிற்கும்போது, சொன்னேன்.

அருள்தாஸ் போய் ஜாக்கியை எடுத்து வந்தார். பின்பக்கத்தைத் தூக்கி சக்கரத்தைக் கழற்றினார். வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் படுத்தார்.

"உள்ள உக்காந்து ஒரு தடவ மிதிங்க சார்."

நான் சொன்னதைக் கேட்ட பிறகும் 'சார்'தான்.

மிதித்தேன். கால் தரையைத் தொட்டது. கீழே சர்ரென்று ஒரு சத்தம். அவர் வெளியே வந்தபோது சட்டையின் தோள் முழுக்க ஆயில். கையில், நீளவாக்கில் பிளந்துபோன ஒரு ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் போகிற குழாய். கூட்டம் சுற்றி நின்றது. கொடிக்காரரும் வந்துவிட்டார்.

அருள்தாஸ் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "புகைக்குழாய நான்தான் இந்தப் பக்கமா வளச்சேன். சூட்டுல ரப்பர் வெந்துபோச்சு. தப்பு என்னுதுதான்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். எட்டு மாத உழைப்பை, சொந்தக்காரர்கள் முன்னால், தானே குறை சொல்லி நிறுத்தினார். பிரேக் போனது முதல் ஓட்டத்திலேயே எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நான் ரேடியேட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூர்க்காரர் ஹோஸை வாங்கிப் பார்த்தார். நேராகத் தன் கார் பக்கம் போய், அதையும் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து தனியாக ஓடி முதல் பரிசை வாங்கிக்கொண்டார்.

ஓடுதளத்தின் அந்தக் கோடியிலிருந்து சாந்தியும் பெண்களும் நடந்து வந்தார்கள். அவளுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அருள்தாஸின் சட்டையைப் பார்த்தாள். டிரம்கள் இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கேரியரைத் திறந்து எலுமிச்சம் சாதம் போட்டு முதல் தட்டை அருள்தாஸிடம் நீட்டினாள். அடுத்தது அவருடைய மச்சான்களுக்கு. என் முறை கடைசியில் வந்தது.

பின்பக்கம் போகிற பிரேக் குழாயை ஒரு போல்ட் வைத்து அடைத்தார் அருள்தாஸ். ரோட்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டினார். முன்சக்கர பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக வீட்டுக்குப் போகலாம் என்றார். இந்தத் தடவை அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் மறுக்கவில்லை. சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

ஆற்காடு தாண்டியிருப்போம். பின் சீட்டில் பெண்கள் தூங்கிவிட்டார்கள். சாந்தியின் குரல் வந்தது.

"மொத ரேஸ்லயே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

கணக்கு டீச்சர். விடையை முதலில் போட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்பாள்.

"தெரிஞ்சுது" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அருள்தாஸ்தான் பேசினார்.

"வண்டி எங்க போய் நின்னுதுன்னு நானும் பாத்துக்கினுதான் இருந்தேன் சார். நீங்களே சொல்வீங்கன்னுதான் கேட்டேன்."

ஆம்பூர் போய்ச் சேர்ந்தோம். பொழுது சாயும்போது எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காரை ஷெட்டுக்குக் கொண்டு போனார்.

அடுத்த நாளிலிருந்து தொழிற்சாலையில் "வணக்கம் சார்" என்பார், போய்விடுவார். மெஷின் விஷயம் எதுவானாலும் சீட்டில் எழுதி அனுப்புவார். டீக்கு வருவதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த வணக்கம் பெரிய பேஜார்.

என் வீட்டிலிருந்து அவர் ஷெட் ஐந்து நிமிஷ நடை. எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. வழியில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. 'அவரும் ஒத்துக்கிட்டாரே, குழாய வளச்சது அவர்தானே' என்று ஒரு வாரம். 'கோபத்தில் எல்லோரும் பேசுவதுதானே' என்று ஒரு வாரம். மூன்றாவது வாரம் சாக்கு தீர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். மைனர் நாலு கட்டைகள் மேல் நின்றது. சக்கரங்கள் கழற்றியிருந்தன. ஓர் ஓரத்தில் அம்பாசடரின் பிரேக் சாமான்கள் வரிசையாக, துடைத்து வைத்த மாதிரி. நான் கேட்காமலே வேலையை ஆரம்பித்திருக்கிறார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

நின்றபடி பேசினால் வார்த்தை மேலோடு போய்விடும் என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்தேன்.

"அருள்தாஸ்..."

கால்கள் அசையவில்லை. ஆனால் தட்டுகிற சத்தம் நின்றது.

"அன்னிக்கு உங்க மச்சானுங்க முன்னாடி அப்படிப் பேசினது தப்பு. பிரேக் நல்லா இருக்குன்னு பொய் சொன்னது அதவிடப் பெரிய தப்பு. அங்க நின்னது என் பொண்ணுங்க. நீங்க நிறுத்தலன்னா..."

 என்னை மாதிரி வாரா வாரம் எழுதுகிறவனுக்கு வாக்கியம் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை.

ரயில் ஒன்று போயிற்று. முழு ரயில். அது போய் முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காருக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய ஒரு கை வெளியே வந்தது. விரலை விரித்தது.

"அந்தப் பதினாலு ஸ்பானர எடு" என்றார்.

எடுங்க இல்லை. சாரும் இல்லை.

என் கை கறுப்பாகுமே என்று அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. எடுத்தேன். கொடுப்பதற்கு முன், பதினாலுதானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.